அடுப்படி சீரானால் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையும்



சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் எங்கள் தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்த மூன்று பேரைப் பற்றி முதலில் சொல்லி விடுகிறேன். திங்கட்கிழமை காலை ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சாமான் கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. புதன்கிழமை இரண்டு வயதுப் பையன். மேசை மேல் இருந்த தேநீர்க் குவளையைத் துணியோடு சேர்த்து இழுத்துவிட்டான். மார்பிலும் தோளிலும் கொப்புளம். வெள்ளிக்கிழமை ஒரு அம்மா. வலது தோள் வலிக்காக இரண்டு மாதமாக என்னிடம் மாத்திரை வாங்கிப் போகிறவர். "குறையவே இல்லீங்க ஐயா, ராத்திரி கை தூக்க முடியல" என்று கண் கலங்கினார்.

மூன்று பேருக்கும் வந்தது மூன்று வகைக் கஷ்டம். ஆனால் அது வந்த இடம் ஒன்றுதான். அடுப்படி!

தோட்டத்தில் பாராங் கத்தி, அரிவாள், செம்பனை முள், பாம்பு எல்லாம் இருக்கிறது. அதற்கெல்லாம் பூட்ஸ் இருக்கிறது, கையுறை இருக்கிறது, மண்டோர் சொல்லும் எச்சரிக்கை இருக்கிறது. அடுப்படிக்கு என்ன இருக்கிறது? அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கண்ணோடு உள்ளே போகிறோம். ஐந்தரைக்குள் பசியாறவும் மத்தியானத்துக்கும் சமைத்துக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நெருப்பு, கொதிக்கிற எண்ணெய், கத்தி, மின்சாரம், ஈரத் தரை எல்லாவற்றோடும் மல்லுக் கட்டுகிறோம்.

இப்போது தீபாவளி நெருங்க நெருங்க, "அடுப்படியை மாத்திக் கட்டணும் ஐயா" என்று பலர் சொல்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எதை மாற்றுவது, எவ்வளவு செலவழிப்பது, எதை முதலில் செய்வது என்று யோசிக்காமல் இறங்கினால் காசும் போகும், உடம்பும் போகும். அதனால்தான் இந்த மாதம் மருந்து மாத்திரையை ஒதுக்கிவிட்டு அடுப்படியைப் பற்றி எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் கதையைச் சொல்வதுதான் நியாயம். சில வருடங்களுக்கு முன் என் குவாட்டர்ஸ் அடுப்படிக்குக் கடையில் பார்த்த மாதிரியே கேபினட் போட்டேன். மேலே கூரை வரைக்கும் அலமாரி. பார்க்க அழகோ அழகு. என் தாயாருக்கு உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அவர் தினமும் எடுக்கும் மல்லித்தூள் டின் மேல் தட்டில் இருந்தது. ஒருநாள் நான் கிளினிக்கில் இருந்த நேரத்தில் முக்காலி போட்டு ஏறினார். முக்காலி சாய்ந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கைத்தடி இல்லாமல் நடக்கவே இல்லை.

ஊரார் வீட்டுக் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடுகிற நான், என் வீட்டு அடுப்படியில் யார் நின்று சமைக்கிறார், அவர் உயரம் என்ன என்று ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

முதலில் ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியை எடுங்கள். ஒரு வாரம் அடுப்படியில் நடப்பதைப் பார்த்து எழுதுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

யார் சமைக்கிறார்? ஒருவரா, இருவரா? எத்தனை மணிக்கு? அப்போது வெளிச்சம் இருக்கிறதா? எந்த வேலை செய்யும்போது எங்கே வலிக்கிறது? குனியும்போது இடுப்பா, தூக்கும்போது தோளா, உட்கார்ந்து எழும்போது முழங்காலா? பிள்ளைகள் எந்தப் பக்கமாக ஓடி வருகிறார்கள்? தண்ணீர் எங்கே தேங்குகிறது? புகை எந்தப் பக்கம் போகிறது? எந்தச் சாமானைத் தினமும் எடுக்கிறீர்கள், எதை வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் எடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்விகளுக்குச் சமைப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதற்காக நீங்களே எல்லாவற்றையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளாவது நீங்கள் நின்று சமைத்துப் பாருங்கள். கொப்பியில் எழுத நிறைய விஷயம் கிடைக்கும்.

வீடு யாருடையது?

இதுதான் பலர் மறந்துவிடும் கேள்வி. நாம் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் பத்தாயிரம் வெள்ளிக்குச் சுவரோடு சேர்த்து அலமாரி கட்டினால், ஐந்து வருடத்தில் அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டி வரும்.

ஆகவே செய்யப் போகிற வேலைகளை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒன்று, நம்மோடு வருகிற சாமான். இன்னொன்று, வீட்டோடு தங்கிவிடுகிற சாமான். மேசை, அடுப்பு, அலமாரி, விசிறி, டின்கள் நம்மோடு வரும். சுவர், தரை, கூரை, கால்வாய், குழாய் வீட்டோடு தங்கும். நம் காசு பெரும்பாலும் முதல் பட்டியலுக்குப் போகட்டும்.

இரண்டாம் பட்டியலில் பலதும் நிர்வாகம் செய்து தர வேண்டியவை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் வீடமைப்புச் சட்டத்தின்படி (2019இல் இது திருத்தப்பட்டது), தொழிலாளர் வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைப்பதும், இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் முதலாளியின் பொறுப்பு. கூரை ஒழுகுகிறதா, கால்வாய் உடைந்திருக்கிறதா, வயர் தேய்ந்து செம்பு தெரிகிறதா? சொந்தக் காசைப் போடாதீர்கள். எழுத்து மூலம் ஆபீசில் கொடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

அதே சட்டம் அனுமதியில்லாமல் கட்டடத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. சுவரை உடைப்பதற்கும், பின்பக்கம் தகரம் போட்டு இழுத்துக் கட்டுவதற்கும் முன்னால் மானேஜரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். "மண்டோர்கிட்ட வாயால சொல்லிட்டேன்" என்பது போதாது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பழைய லயங்களில் அலை அலையாக இருக்கும் சாம்பல் நிறக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடாக இருக்கலாம். புகைக்குழாய் விடுவதற்கு அதில் துளை போடுவது, ரம்பத்தால் அறுப்பது, காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. அதன் தூள் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டு போகும். உடைந்த ஓடு இருந்தால் கை வைக்காமல் ஆபீசுக்குச் சொல்லுங்கள்.

கையில் எவ்வளவு?

இனி காசுக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதியும் சொக்சோவும் பிடித்தது போக மீதிதான் கையில். அதில் அரிசி, பால் மாவு, பள்ளிச் செலவு, மோட்டார் தவணை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தோள் வலி என்று வந்தாரே ஒரு அம்மா, அவர் வீட்டுக் கணக்கையே உதாரணமாகச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். மனைவி உரம் போடுகிறார். வீட்டில் நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள மாமியார், இரண்டு பிள்ளைகள். கேபினட் கடையில் 5,500 வெள்ளி விலை சொன்னார்கள். முன்பணம் 500, பிறகு மாதம் 250 வீதம் 24 மாதம். கூட்டிப் பாருங்கள். 6,500 வெள்ளி! ஆயிரம் வெள்ளி அதிகம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு இரண்டு வருடத்துக்குப் போய்விடும்.

"ஐயா, கையில 1,800 வெள்ளி சேத்து வெச்சிருக்கோம். இத வெச்சி என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார் கணவர். மூவரும் உட்கார்ந்து கொப்பியில் மூன்று கோடு போட்டோம். முதல் கோட்டில் ஆபத்து. இரண்டாவதில் வலி. மூன்றாவதில் அழகு. ஆபத்தை நீக்கிய பிறகுதான் வலிக்குப் போவது. வலிக்குப் பரிகாரம் செய்த பிறகு மீதி இருந்தால் அழகு.

அவர்கள் செய்த செலவு இது:

கேஸ் ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் புதிது, 70 வெள்ளி.
கழுவும் இடத்துத் தரையைச் சரிவாகப் பூசியது, சிமெண்டும் கூலியும் 260.
மூடிய சாப்பாட்டுக் கடையிலிருந்து வாங்கிய பழைய எவர்சில்வர் மேசை, 450.
அடுப்புக்குத் தாழ்வான இரும்பு ஸ்டாண்டு, 150.
புகை இழுக்கும் விசிறி 110, அதை மாட்டிய வயர்மேன் கூலி 150.
எல்.இ.டி. விளக்கு, 25.
வழுக்காத ரப்பர் விரிப்பு இரண்டு, 60.
எலி நுழையாத இரும்பு அலமாரியும் மூடி போட்ட டின்களும், 180.
மாமியார் உட்கார்ந்து காய் நறுக்கச் சாய்மானம் உள்ள நாற்காலி, 45.

மொத்தம் 1,500. மீதி 300 வெள்ளியைத் தொடக்கூடாது என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். பழைய வீட்டில் கை வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே நடந்தது. கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த மரச் சட்டம் கரையான் அரித்துப் போயிருந்தது. அதற்கு 140. கடைசியில் 160 வெள்ளி கையில் நின்றது. கடன் ஒரு காசு இல்லை. உடைந்த கால்வாயையும் ஒழுகிய குழாயையும் நிர்வாகம் வந்து சரி செய்தது. ஏனென்றால் அதற்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கில் சுவரோடும் தரையோடும் தங்குவது சிமெண்ட் வேலையும் அந்த மரச் சட்டமும் வயர்மேன் கூலியும்தான். மற்றதெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

பணத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ஆலோங்கிடம் போகாதீர்கள். அடுப்படி கட்டப் போய் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டுக் கட்டிச் சீட்டு எடுக்கலாம் என்று யாராவது அழைத்தால், கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். காசு போனால் கேட்பாரில்லை. சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். அது ஆபத்துக்கும் மருத்துவத்துக்கும் இருக்கட்டும். அலமாரிக்கு வேண்டாம்.

தோள் வலியின் காரணம்

அந்த அம்மாவின் தோள் வலிக்கு நான் இரண்டு மாதம் மாத்திரையும் தைலமும் கொடுத்தேன். லயம் சுற்றிப் பார்க்கும் நாளில் அவர் வீட்டுக்குள் போனபோதுதான் காரணம் தெரிந்தது. யாரோ கொடுத்த 36 அங்குல உயர மேசை. அதன் மேல் ஐந்து அங்குல அடுப்பு. அதன் மேல் பெரிய பானை. அவர் உயரம் ஐந்தடி. அவருடைய முழங்கையோ தரையிலிருந்து 38 அங்குலத்தில் இருக்கிறது. தினமும் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே குழம்பு கிண்டியிருக்கிறார். உரம் போட்டு ஓய்ந்த தோள் எப்படித் தாங்கும்?

அளவு எடுப்பது சுலபம். வீட்டில் போடும் செருப்போடு நேராக நில்லுங்கள். கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளக்கச் சொல்லுங்கள். அதில் நான்கிலிருந்து ஆறு அங்குலம் கழியுங்கள். அதுதான் நீங்கள் காய் நறுக்க ஏற்ற உயரம். ஐந்தடி அம்மாவுக்கு இது ஏறக்குறைய 33 அங்குலம். அடுப்பு வைக்கும் ஸ்டாண்டு இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். அடுப்பின் உயரத்தையும் கழித்தால் 28 அங்குலம். கணவரும் சமைக்கிறார், அவர் உயரம் என்றால், அதிக நேரம் நிற்பவரின் அளவை எடுங்கள். மற்றவர் பலகைக்கட்டை ஒன்றை அடியில் வைத்து நறுக்கிக்கொள்ளலாம்.

தினமும் எடுக்கும் சாமான் முழங்காலுக்கு மேல், தோளுக்குக் கீழ் இருக்கட்டும். அரிசி மூட்டை, எண்ணெய் டின் போன்ற கனமானவை இடுப்பு உயரத்தில். தீபாவளிப் பலகாரச் சட்டி மட்டும் மேலே போகலாம். என் தாயாரை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தண்ணீர், நறுக்கும் மேசை, அடுப்பு மூன்றும் இரண்டு மூன்று எட்டுக்குள் இருக்க வேண்டும். கொதிக்கிற சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டிக் கஞ்சி வடிக்கப் போவதுதான் பெரிய ஆபத்து. நடக்கும் வழி மூன்றடியாவது காலியாக இருக்கட்டும்.

புகையும் கேஸும்

பின்பக்கம் விறகடுப்பு வைத்து வெந்நீர் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. விறகு ஓசியில் கிடைக்கிறது, கேஸுக்குக் காசு மிச்சம் என்பார்கள். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பீடி, சிகரெட் தொடாத அம்மாமார் இழுப்பு இழுப்பாக இருமுவதற்கு இந்தப் புகையும் ஒரு காரணம். விறகடுப்பு வேண்டுமென்றால் திறந்த வெளியில், வீட்டின் ஜன்னலுக்கு எதிரே இல்லாமல் வையுங்கள். பக்கத்தில் குழந்தை வேண்டாம்.

கேஸ் தோம்பு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து தேங்கும். ஆகவே காற்றுப் போகாத அலமாரிக்குள் தோம்பை வைத்துப் பூட்டக் கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வெளியே நிழலில் வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. ரெகுலேட்டரும் குழாயும் சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். குழாயில் வெடிப்பு, கடினம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது.

கேஸ் வாடை அடித்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள். சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

தரை, வெளிச்சம், மின்சாரம்

பளபளக்கிற டைல்ஸ் கல் போட ஆசைப்படுகிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் பட்டால் அது பனிக்கட்டி மாதிரி வழுக்கும். நம் அடுப்படிக்குச் சாதாரண சிமெண்டே போதும். பூசியது காயுமுன் துடைப்பத்தால் இலேசாகக் கோடு இழுத்துவிட்டால் கால் பிடிக்கும். தண்ணீர் தானாகக் கால்வாய்க்குப் போகும்படி சரிவு வேண்டும். நீரிழிவுக்காரர்கள் அடுப்படியில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். காலில் சுட்டாலும் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வரும்போது புண் பெரிதாகியிருக்கும்.

விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலிலேயே நீங்கள் வெங்காயம் நறுக்குவீர்கள். மேசைக்கு நேர் மேலே அல்லது முன்னால் மாட்டுங்கள்.

ஒரு பிளக்கில் நான்கைந்து சாமான் மாட்டும் பழக்கம் வேண்டாம். ஒரு பிளக் தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் 2,000, சோற்றுக் குக்கர் 700. அதோடு மைக்ரோவேவ் 1,200 சேர்ந்தால் 3,900. வயர் சூடாகி உருகும். மீட்டர்ப் பலகையில் டெஸ்ட் என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆபீசுக்குச் சொல்லுங்கள். உயிரைக் காக்கும் பொத்தான் அது.

பிள்ளைகள்

அடுப்படி வாசலில் இரண்டரை அடிப் பலகைக் கதவு ஒன்று போடுங்கள். பழைய பலகையில் நீங்களே செய்யலாம். மேசைக்குத் துணி விரிக்காதீர்கள். சட்டியின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். அந்த இரண்டு வயதுப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் தோளில் வடு இருக்கிறது. அவன் அம்மா கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் அந்த வடுவைத் தடவிக்கொண்டே இருப்பார்.

சுட்டால் என்ன செய்வது? ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, கீச்சாப், வெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடிக் கொண்டு வாருங்கள். குழந்தை என்றாலும், முகம், கை, மறைவிடம் என்றாலும் தாமதம் கூடாது. 999க்கு அழையுங்கள்.

களைக்கொல்லி, பூச்சி மருந்து எதுவும் அடுப்படிப் பக்கம் வரவே கூடாது. பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் பழைய மிச்சமோ வேறு மருந்தோ சர்பத் போத்தலில் ஊற்றி அலமாரியில் வைத்திருப்பதை இன்றும் காண்கிறேன். பாராகுவாட் ஒரு வாய் போனாலே காப்பாற்றுவது மிகவும் கடினம். அப்படி ஏதாவது இருந்தால் கொட்டிவிடாதீர்கள். ஆபீசில் ஒப்படையுங்கள்.

எலியும் கொசுவும்

புதிய அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு அங்குலம் தள்ளி, கால் வைத்து உயர்த்தி வையுங்கள். அடியில் துடைப்பம் போக வேண்டும். எலி மூத்திரத்தால் வரும் எலிக் காய்ச்சல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரிசி, பருப்பு எல்லாம் மூடி போட்ட டின்னில் இருக்கட்டும். கடையில் வாங்கிய டின்னைத் திறக்குமுன் மேல்பக்கத்தைக் கழுவுங்கள்.

சாமான் வடியும் தட்டு, தொட்டிக்கு அடியில் வைக்கும் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு இவற்றில் தேங்கும் தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிடும். ஏழிலிருந்து பத்து நாளில் பறந்துவிடும். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

முடிவாக

தோழர்களே, தாய்மார்களே! பெரிய செலவு செய்தால்தான் நல்ல அடுப்படி என்று நினைக்க வேண்டாம். இன்று இரவே அளவு நாடாவை எடுத்து உங்கள் முழங்கை உயரத்தை அளந்து பாருங்கள். கொப்பியில் மூன்று கோடு போடுங்கள். ஆபத்து, வலி, அழகு. சம்பளத்தில் மாதம் ஐம்பது வெள்ளி ஒதுக்க முடிந்தாலும் முதல் கோட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே நேரத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்பதில்லை.

தோள் வலி அம்மா போன வாரம் கிளினிக்குக்கு வந்தார். மாத்திரை வாங்க வரவில்லை. மாமியாருக்கு நீரிழிவு மருந்து வாங்க வந்தார். "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். மருந்துப் பையை வலது கையால் உயரத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயாவிடமும் கேளுங்கள். லயம் சுற்றிப் பார்க்க வரும்போது அடுப்படிக்குள் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம். வலி வந்த பிறகு கிளினிக்கில் பார்ப்பதைவிட, வருமுன் அடுப்படியில் பார்ப்பதுதான் எங்களுக்கும் சுலபம்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.